கொடைப் பாட்டுக்கு எம்பி3 சாம்பிள் போதுமா?

தென்மாவட்டத் தாளவாத்தியங்களுக்கென்றே ஒரு சாம்பிள் பேக், அதாவது பாட்டில் எடுத்துப் போட்டுக்கொள்ளப் பதிந்துவைத்த ஒலிகளின் தொகுப்பு, வந்திருக்கிறது. மகுடம், உருமி, பம்பை, தவில், உடுக்கை, ஜால்ரா, வில்லின் மணிகள் எல்லாம் ஒரே தொகுப்பில். ஒற்றை அடிகளும் உண்டு, திரும்பத் திரும்ப ஓடவிடுகிற நாலு தட்டு எட்டுத் தட்டு லூப்களும் உண்டு. மொத்த ஒலியையும் வரிசையாகப் போட்டுக் கேட்டால் சுமார் ஒரு மணி நேரம் வரும். இதையே இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று வினாடிக்கு 192 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3. இன்னொன்று சுருக்காத 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ். வேவின் விலை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டிலேயே பாட்டு போடுகிற தம்பிமார் பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, எம்பி3 போதுமா?" ஒப்பிட்டுச் சொல்லலாம் என்று இரண்டையும் வாங்கினேன்.

தொகுப்பு நல்ல தொகுப்பு. வாங்கலாம். ஆனால் வேவை வாங்குங்கள். பணம் பத்தாது என்றால் இரண்டு மாதம் பொறுத்து வேவை வாங்குங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "எம்பி3 மட்டம், வேவ் உசத்தி" என்று ஒரே வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது. சில இடங்களில் எம்பி3 தாராளமாகப் போதும்.

நான் பெருமாள்புரத்தில் மாடி அறை ஒன்றில் ரெக்கார்டிங் செய்கிறேன். பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் கொடைக்கான, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கான, சாமி பாட்டுகள்: சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன். டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் கீர்த்தனைகள். இடையில் கல்லூரிப் பிள்ளைகளின் குறும்படங்கள். வாசிக்கிறவரைக் கூட்டி வந்து பதிவு செய்ய முடிந்தால் அதைப் போல வேறில்லை. ஆனால் கொடை சீசனில் ஒரு நல்ல பம்பைக்காரரையோ தவில்காரரையோ பகலில் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ராத்திரி முழுக்க ஒரு ஊரில் வாசித்துவிட்டு, விடிந்ததும் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிறவர்கள் அவர்கள். அதனால் சாம்பிள் இல்லாமல் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை ஓடாது.

முதலில் இந்த எம்பி3 என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் மற்றவர்களும் உருவாக்கி, 1990களின் தொடக்கத்தில் எம்பெக் என்ற சர்வதேச ஒலி, ஒளித் தரத்தில் சேர்ந்த முறை இது. காது எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்ற கணக்குதான் அதன் அடிப்படை. ஒரு பலத்த ஒலிக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய ஒலி நம் காதில் விழாது. அப்படி மறைந்துபோகும் இடங்களில் விவரத்தைக் குறைத்து, பிழையை அங்கே ஒளித்துவைக்கிறது. இந்தத் தொகுப்பின் கணக்கில், ஒரு மணி நேர வேவ் சுமார் 950 எம்பி. அதே 192 எம்பி3 சுமார் 86 எம்பி. பதினொன்றில் ஒரு பங்கு. இவ்வளவு சுருக்கியும் பாட்டு பாட்டாகவே கேட்கிறது என்றால் அது பெரிய சாதனைதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி என்னவென்றால், அந்தக் கணக்கு முழுக்க "இந்த ஒலியை இப்படியே கேட்கப் போகிறார்கள்" என்ற நம்பிக்கையில் போட்டது. சாம்பிளை நாம் அப்படியே விடுவதில்லை. சுருதி இறக்குகிறோம், இழுக்கிறோம், கம்ப்ரசரில் போட்டுச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்குகிறோம், ஈக்யூவில் மேல்பக்கத்து அதிர்வெண்களைத் தூக்குகிறோம், எதிரொலிக்கு ரிவெர்ப் போடுகிறோம். எந்தப் பலத்த ஒலியின் நிழலில் பிழையை ஒளித்துவைத்ததோ, அந்த ஒலியையே நாம் நகர்த்திவிட்டால் பிழை வெளியே நிற்கும். துணி எடுக்கிறபோதே சாயம் போன துணியைத் தையல்காரரிடம் கொடுப்பது மாதிரிதான்; அவர் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் வெளிறிய இடம் தெரியத்தான் செய்யும்.

இனி வாத்தியம் வாத்தியமாக வருகிறேன்.

மகுடத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தொகுப்பை நான் வாங்கியதே அதற்காகத்தான். கணியான் கூத்தில் வாசிக்கிற தோல் வாத்தியம். உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு. தீயில் காட்டித் தோலை இறுக்கித்தான் வாசிப்பார்கள். கை விழுந்த அந்த நொடியில் ஒரு வெட்டு ஒலி, அதற்குப் பின்னால் தோலின் நாதம். வெளியூர்க் கம்பெனிகளின் பேக்குகளில் இந்த வாத்தியம் இருந்து நான் பார்த்ததில்லை. இவர்கள் இரண்டு மகுடத்தையும் தனித்தனியாக, மெல்லிய அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி என்று பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கே ஒரு கும்பிடு.

எம்பி3-யில் அந்த வெட்டு ஒலிதான் முதலில் அடிபடுகிறது. காரணம் இதுதான். வினாடிக்கு 44,100 புள்ளிகளாக உள்ள ஒலியை, எம்பி3 1,152 புள்ளிகள் கொண்ட சட்டங்களாக, அதாவது துண்டுகளாக, பிரித்து வேலை செய்கிறது. ஒரு சட்டம் சுமார் 26 மில்லி வினாடி. ஒரு துண்டின் நடுவில் திடீரென்று ஓங்கிய அடி விழுந்தால், அதன் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. அடிக்குப் பிறகு பரவினால் பரவாயில்லை, அடியின் சத்தம் அதை மூடிவிடும். அடிக்கு முன்னாலும் பரவுகிறதே, அதுதான் வில்லங்கம். அடி விழுவதற்கு முன்னாலுள்ள மௌனத்தில் ஒரு சின்ன "ஸ்ஸ்" வந்து நிற்கும். இதற்கு முன்னெதிரொலி என்று பெயர். அடி வருவதைக் கண்டுபிடித்துத் துண்டைச் சிறிதாக்கிக்கொள்ளும் வழி எம்பி3-க்குள்ளேயே உண்டு. நல்ல என்கோடர் (எம்பி3 ஆக்குகிற மென்பொருள்) அதைச் சரியாகச் செய்யும். ஆனாலும் மகுடம் போன்ற கூர்மையான அடியில், 192-இல், ஹெட்போன் போட்டுக் கேட்டால் எனக்குத் தெரிகிறது.

எனக்குத் தெரிகிறது என்பது மட்டும் ஒரு சான்றா? கொடையில் மகுடம் வாசிக்கிற பெரியவர் ஒருவர் வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வேறொரு பதிவுக்காக வந்திருந்தார். எது எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டினேன். சாதாரண வேகத்தில் இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் பட்டது. பிறகு இரண்டையும் ஒரு ஸ்தாயி இறக்கிப் போட்டேன். எம்பி3 ஓடியதும் கையை உயர்த்தினார்.

"தம்பி, இதுல கை விழுறதுக்கு முன்னாலயே ஏதோ சத்தம் வருதே?"

"எங்க அண்ணாச்சி?"

"அடிக்கு முன்னால. யாரோ தோலைத் தடவுத மாதிரி. நாங்க அப்படித் தடவ மாட்டோம்லா."

எம்பி3, வேவ் என்ற பேச்சே அவரிடம் நான் எடுக்கவில்லை. ஆனால் அடியின் முகம் அவருக்குத் தெரியும். ஒரு ஸ்தாயி இறக்கும்போது ஒலி இரு மடங்கு நீளுகிறது; அடிக்கு முன்னால் இருந்த அந்த "ஸ்ஸ்" இரு மடங்கு நீண்டு காதுக்கு எட்டிவிட்டது. சுடலை பாட்டில் சாமி இறங்குகிற இடத்துக்கு மந்த மகுடத்தை இறக்கிப் போட்டு ஒரு கனம் கொடுப்பது நாங்கள் அடிக்கடி செய்கிற வேலை. சரியாக அந்த இடத்தில்தான் எம்பி3 காலை வாருகிறது.

சுருதி இறக்குவதில் இன்னொரு இழப்பும் உண்டு. எம்பி3 மேல் அதிர்வெண்களை ஓர் அளவோடு வெட்டிவிடும். இந்த வேவ் கோப்புகளையே எடுத்து, லேம் என்கோடரில் நானே 128, 192, 320 என்று மாற்றிப் பார்த்தேன். 128-இல் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ஒலி நின்றுவிடுகிறது. 192-இல் 19-க்குச் சற்றுக் கீழே. 320-இல் சுமார் 20. வயதான காதுக்கு 16-க்கு மேலே கேட்காது, அதனால் அப்படியே கேட்டால் நட்டமில்லை. ஒரு ஸ்தாயி இறக்கினால் 128-இன் அந்த 16, 8 ஆகிவிடுகிறது. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இல்லாத ஒலி யார் காதுக்கும் கம்பளி போர்த்தியது போலத்தான் கேட்கும். வேவிலும் 22-க்கு மேல் கிடையாது, இறக்கினால் 11-இல் நிற்கும். ஆனால் 11-க்கும் 8-க்கும் நடுவில்தான் தோலின் சுருசுருப்பு இருக்கிறது.

உருமிக்கு வந்தால் எம்பி3 மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்புகிற அந்த உறுமல் கீழ்ப்பக்கத்து ஒலி, நீண்டு ஓடுவது, திடீர் வெட்டு இல்லை. 192-இல் நன்றாகவே தங்கியிருக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கமும் அப்படியே. வலந்தலையில் விரல்கூடு படுகிற "டண்" மட்டும் கொஞ்சம் மழுங்கிவிட்டது. பம்பை நடுத்தரம்.

ஜால்ராவும் வில்லின் மணிகளும் வேறு கதை. வில்லுப்பாட்டில் வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு சுருதி; எல்லாம் மேல்பக்கத்து அதிர்வெண்கள்; ஒன்றோடொன்று உரசி மினுமினுத்துக்கொண்டே ஓயும். எம்பி3 திணறுவதற்கென்றே செய்த ஒலி மாதிரி இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சட்டத்துக்குச் சட்டம் அதன் முடிவு மாறுகிறது. அதனால் மணிகள் ஓய்கிற அந்த வால்பகுதியில் ஒரு குளறல் வருகிறது; தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. 192-இல் மெல்லியதாக இருக்கிறது. அதையே கம்ப்ரசரில் போட்டு வால்பகுதியைத் தூக்கினால் அப்பட்டமாகத் தெரிகிறது. வில்லிசைக்கு மணிதானே அழகு? மணி இப்படிக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

உடுக்கை: இரண்டிலும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. விட்டுவிடுகிறேன்.

அடுத்தது லூப்கள். தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒலியின் தெளிவைப் பற்றியே பேசுகிறார்கள். தாளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் பட்டது. எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் சேரும். லேம் என்கோடரிலும் அதைத் திறக்கும் டிகோடரிலும் சேர்ந்து வழக்கமாக 1,105 புள்ளிகள், அதாவது 25 மில்லி வினாடி. கடைசிச் சட்டத்தை நிரப்ப முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பை லேம் கோப்பிலேயே எழுதிவைக்கிறது. அதைப் படித்துச் சரிசெய்துகொள்ளும் மென்பொருள்களும் உண்டு, கண்டுகொள்ளாதவையும் உண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற டெம்போவில் ஒரு தட்டின் கால் பங்கு 125 மில்லி வினாடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் என்றால் நையாண்டி மேளத்தின் ஓட்டமே கெட்டுவிடும். லூப் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடுக்கல் வேறு.

இந்தத் தொகுப்பின் எம்பி3 லூப்களை என் மென்பொருளில் இழுத்துப் போட்டபோது தொடக்கத்தில் அந்த வெற்றிடம் அப்படியே நின்றது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அடிக்கு முன்னால் வெட்டி, முடிவையும் வெட்டி, தட்டுக்கு ஒட்டி நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு லூப்புக்குச் செய்யலாம். முழுத் தொகுப்புக்கும் செய்ய யாருக்கு நேரம்? வேவ் லூப்கள் போட்ட இடத்தில் உட்கார்ந்தன. விலை வித்தியாசத்தில் பாதி இந்த நேரத்துக்கே சரியாகப் போயிற்று என்பேன்.

சுருக்கியே தீர வேண்டுமென்றால் ஆக் வோர்பிஸ் என்ற இன்னொரு சுருக்க முறையில் கொடுத்திருக்கலாம். அதில் கோப்பின் துல்லியமான நீளம் உள்ளேயே பதிந்திருக்கும். லூப்புக்கு இந்த வெற்றிடத் தொல்லை கிடையாது. அதைவிட நல்லது ஃப்ளாக். 2001-இல் வந்த முறை. ஒரு புள்ளிகூடக் குறையாமல் சுருக்குகிறது. திறந்தால் அதே வேவ். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வரும். இந்த 950 எம்பி ஃப்ளாக்கில் அறுநூறுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்களுக்கு அது உதவி. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். யோசிக்கிறோம் என்று பதில் வந்தது.

எம்பி3 போதும் என்கிறவர்கள் பக்கத்து வாதங்கள் இரண்டு உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதனால் விட்டுவிட முடியாது.

முதலாவது, ரேடியோ செட் வாதம், அதாவது ஒலிபெருக்கி கட்டுகிறவர்களின் வாதம். முன்னீர்பள்ளத்தில் ரேடியோ செட் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னது: "தம்பி, வேப்பமரத்துல கட்டுன குழாய்ல எது எம்பி3, எது மத்ததுன்னு யாருக்குத் தெரியப் போவுது?" அவர் சொன்னது உண்மை. குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்கென்றே செய்தது. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் அதில் ஏறவே ஏறாது. மணியின் குளறல் அதில் தெரியாது. ஆனால் அதே பாட்டு கொடை முடிந்ததும் யூடியூபில் ஏறுகிறது. மும்பையிலும் துபாயிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் ராத்திரி இயர்போன் மாட்டிக் கேட்கிறார்கள். கொடைக்கு வர முடியாதவர்களுக்கு அந்தப் பாட்டுதான் கொடை. அவர்களுக்கு மகுடம் மகுடமாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. தவிர, லூப்பின் தாமதம் குழாயிலும் கேட்கும். தாளம் தப்பினால் எந்த ஸ்பீக்கரும் மறைக்காது.

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் எப்படியும் சுருக்கத்தானே போகின்றன, பிறகு எதற்கு வேவ் என்றும் கேட்கிறார்கள். அதனால்தான் வேவ் வேண்டும் என்கிறேன். ஒரு முறை சுருக்கியதை மறுபடியும் சுருக்கினால் பிழைமேல் பிழை ஏறும். யூடியூப் ஏஏசி, ஓபஸ் முறைகளில் சுருக்குகிறது. ஸ்பாட்டிஃபை பெரும்பாலும் ஆக் வோர்பிஸில். எம்பி3 வெட்டிய இடமும் இவை வெட்டுகிற இடமும் ஒன்றல்ல. முதல் சுருக்கத்தின் குளறலை இரண்டாவது சுருக்கம் உண்மையான ஒலி என்று நினைத்து அதற்கும் இடம் ஒதுக்கும். ஒரே ஒரு சுருக்கம், அதுவும் கடைசியில், கேட்கிறவர் பக்கத்தில் நடந்தால் போதும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. பழைய ஹிப் ஹாப் காலத்தில் ஈமு எஸ்பி-1200 என்ற இயந்திரத்தில்தான் பெரிய பெரிய பாட்டுகள் பிறந்தன. 1987-இல் வந்தது. 12 பிட், சுமார் 26 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே 10 வினாடி ஒலிக்குத்தான் இடம். இன்றைய எம்பி3-யோடு ஒப்பிட்டால் கணக்கில் அது எங்கோ கீழே. அதில் பாட்டு வந்ததே, இதில் வராதா? வரும். ஆனால் அந்த இயந்திரம் செய்த குறை ஒரே சீரானது. எல்லா அடியிலும் ஒரே கரகரப்பு. அந்தக் கரகரப்பு அடியோடு சேர்ந்தே பிறக்கிறது, அடிக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. இசையமைத்தவர்கள் அதைக் கேட்டு, பிடித்து, வேண்டும் என்றே பயன்படுத்தினார்கள். எம்பி3-யின் குறை சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது. அதில் ஒரு குணம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கரகரப்பு வேண்டுமென்றால் வேவை எடுத்து நானே 12 பிட்டுக்கு இறக்கிக்கொள்வேன். எம்பி3-யிலிருந்து மேலே ஏற வழி கிடையாது.

எம்பி3 எங்கே போதும் என்றும் சொல்ல வேண்டும். மெட்டு போடுகிறபோது போதும். ஒரு தாளத்தைப் பாடகருக்குப் போட்டுக் காட்ட, வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்க, முழுக்கப் போதும். 320 கேபிபிஎஸ்-இல் நன்றாகச் செய்த எம்பி3-யை, சுருதி மாற்றாமல், இழுக்காமல், நாதஸ்வரமும் கோரஸும் கீபோர்டும் நிறைந்த பாட்டின் நடுவில் வைத்தால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கிறேன் என்று சொல்கிறவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. குறும்படத்தில் பின்னணியில் தூரத்துக் கொடைச் சத்தம் வேண்டுமா, 192-ஏ ஏராளம். ஜெபக்கூட்டப் பாட்டுக்கு ஒரு தவில் லூப் மெல்லமாகப் பின்னால் ஓட வேண்டுமா, வெற்றிடத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள், ஒன்றும் ஆகாது. வாத்தியம் முன்னால் வந்து தனியாக நிற்கிற இடத்தில்தான் எம்பி3-ஐ வைக்கக் கூடாது.

லேப்டாப் பழசு, எம்பி3 போட்டால் பாரம் குறையும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. சாம்பிளை வாசிக்கிற மென்பொருள்களான சாம்ப்ளர்களில் பெரும்பாலானவை எம்பி3-ஐ உள்ளே இழுத்ததும் விரித்து, வேவ் அளவிலேயே நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. ஆகவே ரேம் மிச்சமாவதில்லை. மிச்சமாவது டிஸ்கில் இடம் மட்டும். 64 ஜிபி பென்டிரைவ் விற்கிற விலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வேவ் என்று எழுதியிருந்தாலே வேவ் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் வேறொரு தளத்தில் மலிவாக ஒரு பம்பை, உருமித் தொகுப்பு வாங்கியிருந்தேன். கோப்பு எல்லாம் வேவ், 24 பிட். ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, அதிர்வெண்களைப் படமாகக் காட்டுகிற ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பார்த்தால், எல்லாக் கோப்பிலும் 16 கிலோஹெர்ட்ஸில் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வெட்டு. எங்கிருந்தோ எடுத்த எம்பி3-ஐ வேவாக மாற்றி, பெரிய கோப்பாக்கி, பெரிய விலைக்கு விற்றிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதிலே இல்லை. உழைத்துச் சேர்த்த காசில் வாங்குகிற பிள்ளைகளிடம் இப்படிச் செய்வது மனசாட்சி உள்ளவர்கள் செய்கிற வேலை இல்லை. எந்தத் தொகுப்பு வாங்கினாலும் முதல் வேலையாக ஒரு ஜால்ரா கோப்பைத் திறந்து பாருங்கள். ஜால்ராவின் ஒலி மேலே போகப் போக மெல்ல மங்கித்தான் ஓயும். மொட்டையாக ஒரே உயரத்தில் நிற்காது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளிலும் இதையே பார்க்கலாம். இப்போது பேசிக்கொண்டிருக்கிற தொகுப்பை அப்படிப் பார்த்தேன்; உண்மையான வேவ்தான்.

தொகுப்பில் மற்ற குறைகளும் உண்டு. வில்லுக்கு மணி கொடுத்தவர்கள் குடத்தை மறந்துவிட்டார்கள். குடம் இல்லாத வில்லுப்பாட்டு என்ன வில்லுப்பாட்டு? அந்த அடிக்கனத்துக்கு நான் பழைய பதிவு ஒன்றைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறேன். லூப்களுக்கு டெம்போ எண் மட்டும் போட்டிருக்கிறார்கள்; எந்த இடத்தில் வாசிக்கிற அடி, சாமியாட்டத்துக்கா, ஊர்வலத்துக்கா என்று பெயரில் ஒரு குறிப்பு இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும். மனிதர் வாசித்ததால் டெம்போ லேசாக ஏறி இறங்குகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கீபோர்டு லூப்போடு சேர்க்கிறவர்கள் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இழுக்க வேண்டும் என்றாலே மறுபடி வேவ்தான். லூப்பை அப்படியே பாட்டு முழுக்க ஓடவிடாதீர்கள். ஒரே லூப்பைப் பலர் வாங்கிப் பயன்படுத்தும்போது யூடியூபில் ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் பெயரில் உரிமை கோரிக்கை வந்து நிற்பது நடக்கிற காரியம். ஒற்றை அடிகளை வைத்து நாமே அடி கட்டினால் அந்தத் தலைவலி இல்லை, பாட்டுக்கும் நம் கை இருக்கும்.

வேவும் வேண்டாம், காசும் இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வழி. மகுடமும் உடுக்கையும் வாசிக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறார்கள்? கொடை இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு உரிய சன்மானம் கொடுத்து, ஒவ்வோர் அடியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். போனில் பதிந்தால் அது பெரும்பாலும் ஏஏசி முறையில் சுருக்கித்தான் சேமிக்கும். அமைப்பில் போய் வேவ் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேவில் பதியும் செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும்.

இந்தத் தொகுப்பை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அவர்கள் தளத்தில் கேட்டுப் பார்க்க வைத்திருக்கிற மாதிரி ஒலிகள் எல்லாம் எம்பி3. அதைக் கேட்டு வேவ் எப்படி இருக்கும் என்று முடிவு செய்ய முடியாது. மந்த மகுடத்தின் ஓங்கிய அடி ஒன்றை வேவில் அனுப்ப முடியுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நான் கேட்டபோது மறுநாளே அனுப்பினார்கள். அதை ஒரு ஸ்தாயி இறக்கிப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எம்பி3 ஏற்கெனவே வாங்கியவர்கள் மீதிப் பணத்தை மட்டும் கட்டி வேவுக்கு மாறலாம், முழு விலை கேட்க மாட்டார்கள்.